பழைய வழங்கியும் புதிய வன்தட்டும்

பழைய வீட்டுக்குப் புதுக்கதவு வாங்குவோர் முதலில் நிலையின் அகலத்தை அளந்துகொள்வர். கதவு எத்துணை நல்ல தேக்காயினும் நிலையில் அடங்காவிடில் பயனில்லை. கணினிக்கு வன்தட்டு வாங்குவோரோ பெரும்பாலும் இவ்வாறு அளந்து பார்ப்பதில்லை. ‘பழையது 146 கிகாபைட், புதியது 4 டெராபைட், பெரியதே நல்லது’ என்று கருதி வாங்கிவிடுகின்றனர். பழைய கணினி அதனை ஏற்க மறுக்கின்றது. சில வேளைகளில் ஏற்றுக்கொண்டதுபோல் காட்டிப் பின்னர் உள்ளே இருந்த ஏடுகளையே அழித்துவிடுகின்றது. இதற்குக் காரணம் யாது, இடரின்றி மாற்றும் வழி யாது என்னும் இரண்டையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இது தமிழாசிரியர்க்கு எதற்கு என்று சிலர் வினவலாம். நம் நாட்டில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபின், தோட்டத்தின் பெயரை மட்டும் தாங்கிக்கொண்டு பட்டணத்துக்கு இடம்பெயர்ந்த தமிழ்ப்பள்ளிகள் பல. லயங்கள் மறைந்துவிட்ட இடங்களில் ஒரு குடும்பம் அங்கே வாழ்ந்தது என்பதற்குப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடே சான்றாக எஞ்சியிருப்பதும் உண்டு. தம் பிறந்த நாளை உறுதிப்படுத்தும் ஒரு வரியைத் தேடி, தலை நரைத்த முன்னாள் மாணவர் பள்ளி அலுவலகத்தில் வந்து நிற்பதைத் தலைமையாசிரியர் பலர் கண்டிருப்பர். அத்தகைய பதிவேடுகளைப் படம்பிடித்துக் கணினியில் சேர்த்துவைக்கும் பணி இன்று ஆங்காங்கே நடைபெறுகின்றது. அவற்றைத் தாங்குவதற்கு அமையும் கருவியோ, ஏதேனும் ஒரு நிறுவனம் கழித்துக் கொடுத்த பழைய வழங்கியாக இருப்பதும் உண்டு. ஆகவே இப்பொருளை ஓரளவேனும் அறிந்திருத்தல் நமக்கும் கடன் ஆகின்றது.

சொல்லும் பொருளும்

‘செர்வர்’ என்பதை வழங்கி என்றும் சேவையகம் என்றும் தமிழில் குறிப்பர். பல கணினிகள் கேட்கும் ஏடுகளை ஓரிடத்தில் வைத்திருந்து, கேட்போர்க்கெல்லாம் வழங்குவதால் வழங்கி என்னும் பெயர் பொருத்தமே. ‘ஹார்ட் டிஸ்க்’ என்பது வன்தட்டு. வளையும் தன்மையுடைய நெகிழ்தட்டினின்று வேறுபடுத்த ‘வன்’ என்னும் அடை வந்தது. காந்தப் பூச்சுடைய தட்டு சுழல, அதன்மேல் மிக நுண்ணிய இடைவெளியில் ஓர் எழுதுமுனை நகர்ந்து எழுதவும் படிக்கவும் செய்கின்றது.

மலாயா விடுதலை பெறுவதற்கு ஓராண்டு முன்னர், 1956இல், ஐ.பி.எம். நிறுவனம் ‘ராமாக்’ என்னும் கணினியுடன் முதல் வன்தட்டை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் அதில் அடுக்கப்பட்டிருந்தன. அத்தனையும் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துகளையே கொண்டன. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்துக்கே அவ்விடம் போதாமற் போகலாம். கொள்ளளவு இவ்வாறு பெருகிக்கொண்டே வந்ததுதான் நம் சிக்கலுக்கும் வேராகும்.

பேரேட்டின் கட்டங்கள்

தோட்டத்துச் செக்ரோலை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் எண் எழுத இரண்டு கட்டங்களே வரைந்திருப்பதாகக் கொள்வோம். 00 முதல் 99 வரை நூறு பேரை எழுதலாம். நூற்றோராவது ஆள் வந்தால் கிராணியார் என் செய்வார்? ஆளைத் திருப்பி அனுப்பலாம். அல்லது 100 என்பதன் முதல் இலக்கத்தை விட்டு 00 என்று எழுதலாம். அவ்வாறு எழுதினால் முதலாமவர் சம்பளம் நூற்றோராமவர் கைக்குப் போகும்.

வன்தட்டிலும் இதுவே நிகழ்கின்றது. தட்டு முழுவதும் ‘செக்டர்’ எனப்படும் சிறு கூறுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒரு கூறு 512 பைட் என்பது நெடுங்கால வழக்கம். ஒவ்வொரு கூற்றுக்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண்ணை எழுதக் கணினியைச் சமைத்தோர் இத்தனை இருமக் கட்டங்கள் என்று வரையறுத்துவிடுகின்றனர். இருமக் கட்டத்தில் 0, 1 என்னும் இரண்டு குறிகளே உண்டாதலின், கட்டம் ஒன்று கூடினால் எண்ணிக்கை இரட்டிக்கும்.

28 கட்டங்கள் இருந்தால் 26,84,35,456 கூறுகளை எண்ணலாம். அதனை 512ஆற் பெருக்கினால் ஏறத்தாழ 137 கிகாபைட் வரும். 32 கட்டங்கள் இருந்தால் 429,49,67,296 கூறுகள். அவற்றின் மொத்த அளவு 2.2 டெராபைட். கணினி வரலாற்றில் 528 மெகாபைட், 8.4 கிகாபைட், 137 கிகாபைட், 2.2 டெராபைட் என்று வரம்புகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து தடுத்தன. ஒவ்வொரு தலைமுறைப் பொறியாளரும் தாம் வரைந்த கட்டங்கள் நெடுநாளைக்குப் போதும் என்றே நம்பினர். அந்நம்பிக்கையைக் காலம் பொய்யாக்கியது. 2010இல் 3 டெராபைட் தட்டு கடைக்கு வந்தபொழுது 2.2 டெராபைட் வரம்பு பலருக்கும் தென்பட்டது.

3 டெராபைட் தட்டு ஒன்றில் 586,05,33,168 கூறுகள் உள்ளன. 32 கட்டக் கணக்கில் எழுதும் சில பழைய கருவிகள் இதன் தலையிலுள்ள இலக்கத்தை விட்டுவிடும். எஞ்சுவது 156,55,65,872 கூறுகள். அஃதாவது ஏறத்தாழ 801 கிகாபைட். மூன்று டெராபைட் வாங்கியவர் திரையில் 801ஐயோ, வேறு கணக்கு முறையில் 746ஐயோ கண்டு, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சினம் கொள்வார். குற்றம் கடைக்காரர் மேலது அன்று; கட்டங்களின் குறை. இவ்வாறு அளவு குறைந்து தோன்றுவதாவது நன்று. முழு அளவும் தோன்றி, எழுதும்பொழுது மட்டும் எண் மடங்குமாயின், வரம்பைத் தாண்டி எழுதப்படும் ஏடு தட்டின் தொடக்கத்திலுள்ள ஏட்டின்மேல் போய் விழும். தட்டு பாதிக்குமேல் நிறைந்த பின்னரே கேடு தெரியும். அதற்குள் முதலேடுகள் அழிந்திருக்கும்.

நான்கு வாயில்கள்

கட்டங்களை எண்ணுபவர் ஒருவர் அல்லர். வழங்கியில் ஓர் எழுத்து தட்டுக்குச் சென்று சேர நான்கு வாயில்களைக் கடக்க வேண்டும்.

முதலாவது, தட்டு. இரண்டாவது, பல தட்டுகளை ஒருங்கே ஆளும் கட்டுப்பாட்டு அட்டை. மூன்றாவது, தட்டினைப் பாகம் பிரித்துக் குறித்து வைக்கும் பட்டியலும், அதனைப் படித்துக் கணினியை எழுப்பும் ‘பயோஸ்’ நிரலும். நான்காவது, இயக்க முறைமை. மூன்று வாயில் அகன்று ஒன்று குறுகியிருப்பின், அக்குறுகிய வாயிலின் அளவே யானைக்கு உரிய அளவாகும்.

மூன்றாவது வாயிலைப் பலர் மறந்துவிடுகின்றனர். 1983இல் வழக்குக்கு வந்த பழைய பாகப் பட்டியல் முறை 32 கட்டங்களையே உடையது. அட்டை எவ்வளவு புதியதாயினும், அம்முறையில் பிரித்த தட்டில் 2.2 டெராபைட்டுக்கு அப்பால் எட்டாது. ‘ஜி.பி.டி.’ எனப்படும் புதிய பட்டியல் 64 கட்டங்களை உடையது. ஆயினும் பழைய பயோஸ் உள்ள வழங்கியில் புதுப்பட்டியலுடைய தட்டிலிருந்து விண்டோஸ் முறைமையை எழுப்ப இயலாது. தீர்வு எளிது. சிறிய தட்டு ஒன்றை எழுப்புவதற்கு வைத்துக்கொண்டு, பெரிய தட்டுகளை ஏடுகளுக்கு மட்டும் பயன்படுத்தலாம். நான்காவது வாயிலில், விண்டோஸ் செர்வர் 2003 முதல் திருத்தத் தொகுப்புடன் புதுப்பட்டியலைப் படிக்கக் கற்றது. அதற்கு முந்தியவற்றில் பெருந்தட்டினைப் பற்றி நினைக்கவே வேண்டா.

ஓர் எடுத்துக்காட்டு

2009இல் வெளிவந்த டெல் பவர்எட்ஜ் ஆர்710 என்னும் வழங்கி, அலுவலகங்களில் உழைத்து ஓய்ந்தபின் கைமாறிக் கைமாறி இன்றும் கிடைப்பது. இதன் ஒரு வகையில் 3.5 அங்குலத் தட்டுகள் ஆறு பொருந்தும். வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே கட்டுப்பாட்டு அட்டை மட்டும் வேறுபடும். ‘பெர்க் 6/ஐ’ என்னும் அட்டை உள்ளதாயின், ஒரு தட்டுக்கு 2 டெராபைட் என்பதே எல்லை. 2006இல் வந்த பவர்எட்ஜ் 2950இன் ‘பெர்க் 5/ஐ’ அட்டைக்கும் அதுவே எல்லை. அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ‘எச்200’ அல்லது ‘எச்700’ அட்டை உள்ளதாயின் அதற்கு மேற்பட்ட தட்டுகளையும் ஆள இயலும்.

ஆகவே பெர்க் 6/ஐ உடையவருக்கு இரு வழிகள் உண்டு. 2 டெராபைட் தட்டுகள் ஆறினை வாங்கி அமைதலாம். பள்ளியின் ஏடுகளுக்கு அதுவே மிகுதி. அன்றேல் அட்டையை மாற்றலாம். பழைய அட்டையின் வடமும் புதிய அட்டையின் வடமும் முனையில் வேறுபட்டவை. வடத்தையும் சேர்த்தே வாங்கவேண்டும். அட்டைக்குள் எழுதப்பட்டுள்ள ‘ஃபெர்ம்வேர்’ என்னும் நிலைக்கட்டளைத் தொகுதியைத் தயாரித்தோர் வெளியிட்ட கடைசிப் பதிப்புக்கு உயர்த்திய பின்னரே தட்டினைச் செருகுதல் முறை.

வாங்குமுன் காணவேண்டியவை

கொள்ளளவு பொருந்திவிட்டால் மட்டும் போதாது. ஐந்து செய்திகளைக் கண்டறிதல் வேண்டும்.

ஒன்று, பொருத்துவாய். ‘சாட்டா’, ‘சாஸ்’ என இருவகை உண்டு. சாட்டா வாயில் இரண்டு பகுதிகளுக்கிடையே ஓர் இடைவெளி இருக்கும். சாஸ் வாயில் அவ்விடைவெளி தூர்ந்திருக்கும். சாஸ் அட்டை சாட்டாத் தட்டையும் ஏற்கும். சாட்டா அட்டை சாஸ் தட்டை ஏற்காது.

இரண்டு, கூற்றின் அளவு. 2010ஐ ஒட்டி 512 பைட் கூறுகள் போய் 4096 பைட் கூறுகள் வந்தன. பழைய கணினிகளுக்காக, 512 உடையதுபோல் நடிக்கும் தட்டுகளும் உண்டு. உண்மையில் 4096ஆகவே பேசும் தட்டுகளைப் பழைய அட்டை அறியாது. நடிக்கும் தட்டினை வாங்கினாலும் ஒரு கணக்கைப் பார்க்கவேண்டும். ஒரு பெருங்கூறு எட்டுச் சிறுகூறுகளுக்குச் சமம். பழைய முறைமைகள் முதற்பாகத்தை 63ஆம் கூற்றில் தொடங்கின. 63 எட்டால் வகுபடாது. ஆதலின் எழுதப்படும் ஒவ்வொரு தொகுதியும் இரண்டு பெருங்கூறுகளின் எல்லையில் தொங்கி நிற்க, வேலை இரட்டிக்கும். 2048ஆம் கூற்றில் தொடங்கினால் அது எட்டால் வகுபடும், தொல்லை நீங்கும். மேலும், பெரிய சேமிப்பு நிலையங்களிலிருந்து கழிக்கப்பட்டு மலிவாக விற்கப்படும் சாஸ் தட்டுகள் சில 520 பைட் கூறுகளை உடையன. அவற்றை 512க்கு மாற்றி அமைக்காதவரை சாதாரண வழங்கியில் பயன்படுத்த இயலாது.

மூன்று, எழுதும் முறை. சில தட்டுகளில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எழுதப்படுகின்றன. அத்தாப்புக் கூரை வேய்வதை ஒக்கும் முறை இது. நடுவிலுள்ள ஓர் ஓலையை மாற்ற, மேலுள்ள ஓலைகளையும் எடுத்து வேயவேண்டும். ஆதலின் தொடர்ந்து எழுதும்பொழுது இத்தட்டு மிகத் தளர்ந்துவிடும். வழங்கிக்கு இது ஆகாது. சேமிப்புப் பெட்டிகளுக்கென்றே விற்கப்பட்ட சில தட்டுகளில் இம்முறை அறிவிப்பின்றிக் கையாளப்பட்டது 2020இல் வெளியாயிற்று. ஆகையால் பெட்டியின்மேல் உள்ள பெயரை நம்பாது, மாதிரி எண்ணைக்கொண்டு ஆராய்தல் நலம்.

நான்கு, பொறுமை. வீட்டுக் கணினிக்கான தட்டு, படிக்க முடியாத கூறு ஒன்றைக் கண்டால் மீண்டும் மீண்டும் முயன்று நெடுநேரம் வாளாவிருக்கும். வழங்கிக்கான தட்டு ஏறத்தாழ ஏழு நொடியில் ‘இயலவில்லை’ என்று சொல்லிவிடும். கட்டுப்பாட்டு அட்டை சொல்பவரை மன்னிக்கும். விடை கூறாதவரைச் செத்தவர் எனக் கருதி வரிசையிலிருந்து நீக்கிவிடும்.

ஐந்து, மின். 2016இல் வந்த சாட்டா விதிகளின்படி, மின்வாயின் மூன்றாம் முனையில் 3.3 வோல்ட்டு வந்தால் தட்டு உறங்கிவிடும் ஏற்பாடு உண்டு. பழைய பெட்டிகள் சில அம்முனையில் இயல்பாகவே 3.3 வோல்ட்டு தருவன. அவற்றில் புதுத்தட்டைச் செருகினால் அது சுழலவே சுழலாது. தட்டு பழுது என்று எறிந்துவிடாதீர்கள்.

மிகை என்பது படி அன்று

வழங்கியில் தட்டுகள் தனித்தனியே நில்லாது, ‘ரெய்டு’ எனப்படும் மிகைத்தட்டு வரிசையாக நிற்கும். 1988இல் கலிபோர்னியாவில் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்துப் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் எழுதிய கட்டுரையால் இப்பெயர் நிலைத்தது. இதன் கருத்து ஆசிரியர்க்குப் புதிதன்று. மூன்று பாட மதிப்பெண்களும் அவற்றின் கூட்டுத்தொகையும் எழுதியிருக்க, ஒரு பாடத்து எண் மட்டும் மை சிந்தி அழிந்துபோனால், மொத்தத்திலிருந்து மற்றவற்றைக் கழித்து அதனை மீட்கலாம். ஐந்தாம் வகை ரெய்டு இவ்வாறே இயங்குகின்றது. ஒரு தட்டு இறந்தால் மற்றவை அதனை மீட்கும். இரண்டு அழிந்தால் மீட்சி இல்லை. ஆறாம் வகையில் இரண்டு இறப்பையும் தாங்கும் மிகை உண்டு.

இந்த ஆற்றலைக் கண்டு பலர் ஒரு குறுக்கு வழியை நாடுகின்றனர். பழைய தட்டு ஒன்றை உருவிப் புதிய பெரிய தட்டைச் செருகினால், மீட்சி தானே நடைபெறும், பின்னர் அடுத்தது, இவ்வாறு ஆறும் மாறிவிடும் என்பது அவர்தம் எண்ணம். எண்ணம் தவறன்று, இடர் மிகுதி. ஐந்தாம் வகையில் ஒன்றை உருவிய கணமே வரிசை காவலின்றி நிற்கின்றது. மீட்சி முடியும்வரை எஞ்சிய தட்டுகள் அனைத்தும் முதற்கூறு தொடங்கிக் கடைக்கூறு வரை ஓய்வின்றிப் படிக்கப்படவேண்டும். பத்தாண்டு உழைத்த தட்டுகளுக்கு அவற்றின் வாழ்நாளிலேயே கடுமையான வேலை அதுவாக இருக்கலாம். அவ்வாறு ஆறுமுறை!

காலத்தையும் கணக்கிடுவோம். நொடிக்கு 100 மெகாபைட் வீதம் 146 கிகாபைட் தட்டினை நிரப்ப 1,460 நொடி, அஃதாவது ஏறக்குறைய 25 நிமிடம் போதும். நொடிக்கு 160 மெகாபைட் வீதம் 8 டெராபைட் தட்டினை நிரப்ப 50,000 நொடி, அஃதாவது ஏறத்தாழ 14 மணி நேரம் வேண்டும். கொள்ளளவு ஐம்பது மடங்குக்குமேல் பெருகியது. வேகம் இரு மடங்கும் பெருகவில்லை. இடையில் வழங்கி வேறு பணியும் செய்தால் நேரம் இன்னும் நீளும். இதனாற்றான் பெருந்தட்டுகளுக்கு ஐந்தாம் வகையை விடுத்து ஆறாம் வகையையோ, ஒன்றுக்கொன்று ஆடிபோல் நிற்கும் முதல் வகையையோ அறிந்தோர் பரிந்துரைக்கின்றனர்.

இன்னொன்றும் உண்டு. தவறுதலாக ஓர் ஏட்டை அழித்தால், வரிசையிலுள்ள எல்லாத் தட்டுகளிலும் அக்கணமே அது அழியும். மின்னலும் வெள்ளமும் ஒரு தட்டினை மட்டும் தாக்குவதில்லை. மிகை, தட்டின் இறப்பைத் தாங்கும். மனிதரின் பிழையைத் தாங்காது.

மாற்றும் முறை

ஆதலின் தட்டு மாற்றுவோர் கைக்கொள்ளத்தக்க வரிசை இதுவாகும். முதற்கண், உள்ள ஏடுகள் அனைத்தையும் வழங்கிக்கு வெளியே வேறொரு தட்டில் படி எடுக்கவேண்டும். அடுத்து, அப்படியிலிருந்து சில ஏடுகளைத் திறந்து படித்துப் பார்க்கவேண்டும். திறந்து பாராத படி, படி அன்று. மூன்றாவதாக, கட்டுப்பாட்டு அட்டையின் பெயரையும் ரெய்டு வகையையும், எத்தட்டு எவ்விடத்தில் இருந்தது என்பதையும் தாளில் எழுதிக்கொள்ளவேண்டும். நான்காவதாக, பழைய தட்டுகளை அவ்வரிசைப்படியே எண்ணிட்டு எடுத்து வைக்கவேண்டும். ஐந்தாவதாக, புதுத்தட்டுகளைச் செருகிப் புதுவரிசை அமைத்து, ஏடில்லாத நிலையிலேயே முழுவதும் எழுதிப் படித்துச் சோதிக்கவேண்டும். அதன்பின்னரே ஏடுகளை ஏற்றலாம். பழைய தட்டுகளைச் சில திங்களேனும் அழிக்காது வைத்திருத்தல் நன்று. புதுவரிசை ஏமாற்றினாலும், பழைய அட்டையில் பழைய தட்டுகளைப் பழைய வரிசையில் செருகி முன்னிருந்த நிலைக்குத் திரும்பலாம்.

சுழலாத் தட்டாகிய ‘எஸ்.எஸ்.டி.’யை இடலாமோ எனின், இடலாம். பழைய வழங்கியின் வழி குறுகியதாதலின் அதன் முழு வேகமும் கிட்டாது. ஆயினும் நிமிடத்துக்கு 15,000 முறை சுழலும் தட்டுகூட ஒரு கூற்றினைத் தேடுகையில் அரைச் சுற்றுக்கே 2 மில்லி நொடி காத்திருக்கும். சுழலாததற்கு அக்காத்திருத்தல் இல்லை. முறைமையை எழுப்பும் சிறு தட்டாக அதனை வைத்துக்கொள்வது பொருத்தமாகும்.

நாம் கொள்ளத்தக்கது

இக்கட்டுரையில் வந்த கணக்குகள் பெருக்கலும் வகுத்தலும் தவிர வேறல்ல. மேல்வகுப்பு மாணவர்க்கு இரண்டின் அடுக்குகளைக் கற்பிக்கும்பொழுது 32 கட்டங்களை வரைந்து காட்டி, 3 டெராபைட் எவ்வாறு 801 கிகாபைட் ஆயிற்று என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். ‘இலக்கம் கூடினால் இடமும் கூடவேண்டும்’ என்பதை அவர்கள் மறக்கமாட்டார்கள்.

நம் முன்னோர் ஏட்டுச்சுவடி பழுதுற்றபொழுது புதிய ஓலையில் பெயர்த்தெழுதினர். பெயர்த்தெழுதி, ஒப்புநோக்கி, பிழை திருத்திய பின்னரே பழையதைக் கைவிட்டனர். அவ்வாறு எழுதப்படாத சுவடிகள் செல்லுக்கும் நீருக்கும் இரையாயின. அவற்றிலிருந்த நூல்களின் பெயர் மட்டுமே நமக்குக் கிடைத்துள்ளது. தட்டும் ஓலையைப் போல ஒருநாள் பழுதுறுவதே. அது பழுதுறுமுன் பெயர்த்தெழுதுவதற்கு உரிய நாளைப் பள்ளியின் ஆண்டுத் திட்டத்திலேயே குறித்துக்கொள்ளவேண்டும். மூன்று படிகள் இருக்கட்டும். அவை இருவகைக் கருவிகளில் இருக்கட்டும். ஒன்றேனும் பள்ளிக்கு வெளியே வேறிடத்தில் இருக்கட்டும். பதிவேட்டிலுள்ள ஒரு வரியைத் தேடி இன்னும் முப்பதாண்டு கழித்து ஒருவர் வருவார். அவருக்கு அவ்வரியை எடுத்துக் கொடுக்கவேண்டிய பொறுப்பு இன்றைய ஆசிரியர்களாகிய நம்முடையது.